எரிபொருள் கேனின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி

கும்பகோணத்தில் நீங்கள் நடத்தும் ரிமோட் கார் பட்டறைக்குப் போன வாரம் வந்திருந்தேன். என் கண் முன்னைப்போல இல்லை. ஆனாலும் சுவரோரம் வைத்திருந்த நைட்ரோ எரிபொருள் கேன்கள் ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது தெரிந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் இது எதற்கென்று கேட்டேன். திருஷ்டிக்காக இருக்கும் என்றார். பக்கத்தில் ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, காசிம் பாய் துணிக்கடையில் மிஞ்சுகிற துண்டுத் துணி என்றார்.

இரண்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதல் கேனில் முதல் துணியைக் கட்டியது நானும் இல்லை, காசிம் பாயும் இல்லை. என்ஜின் பக்கமே வராத ஒரு பெண். அன்று அவள் உயிரையே பறிக்கப் பார்த்தது இந்த எரிபொருள்தான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குடவாசலில் மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரும் டீசல் பம்பு செட்டும் பழுது பார்ப்பது பிழைப்பு. காலையில் குளித்து, திருநீறு பூசி, சுவாமிமலை முருகன் படத்துக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவேன். இப்போதும் சூடம் காட்டுகிறேன். ஸ்பானர்தான் இல்லை.

காசிம் பாய் துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து துணிக்கடை வைத்தவர். மற்றவர்கள் துபாயிலிருந்து டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது முழ நீளத்தில் ஒரு கார். பேட்டரியில் ஓடுகிற பொம்மை இல்லை. உள்ளே நிஜ என்ஜின், நிஜ புகை. பிள்ளைகளுக்கா என்று கேட்டேன். தனக்குத்தான் என்று சொல்ல அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு வெட்கம். "அண்ணே, உங்க ஸ்பிரேயர் என்ஜினோட கடைசித் தம்பி இது. நீங்கதான் பழக்கிக் குடுக்கணும்" என்றார்.

புது நைட்ரோ என்ஜினைப் பழக்குவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எண்ணெய் தாராளமாகப் போகும்படி கார்புரேட்டர் ஊசியைத் திறந்துவைத்து, புகை கக்கக் கக்க மெதுவாக ஓட்டி, நிறுத்தி, பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்து, நன்றாக ஆறவிட்டு, மறுபடி ஓட்டுவது. எல்லாருக்கும் தெரிந்ததுதான். செய்ய முடியாமல் போவது அந்த ஆறவிடுவதுதான். புது என்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார யாருக்கும் பொறுமை வராது.

கார் ஓட்ட மட்டமான தரை வேண்டும். நம் பக்கத்தில் வயலை விட்டால் வரப்பு, வரப்பை விட்டால் வாய்க்கால். ரோட்டில் விட்டால் பஸ் ஏறிவிடும். தோதாக இருந்த ஒரே இடம், குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் மிராசுதார் வீட்டு சிமெண்டுக் களம். புரட்டாசி மாதம், குறுவை அறுப்பு நேரம். மாமூலான வருஷமாக இருந்தால் அந்தக் களத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த வருஷம் காலியாகக் கிடந்தது.

காரணம் இதுதான். கழக ஆட்சிகள் மாறி மாறி வந்துகொண்டிருந்த காலம் அது. டீக்கடையில் உட்காருகிற பெஞ்சைக்கூடக் கட்சி பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் அறுவடை மெஷின் முதன்முதலில் எங்கள் பக்கம் தலைகாட்டியபோது அந்தக் கட்சிக் கணக்கெல்லாம் கலைந்துபோய், நிலம் உள்ளவர், இல்லாதவர் என்று ஊர் இரண்டாக நின்றது. மிராசுதார் வெளியூர் மெஷினுக்குப் பேசிவைத்திருந்தார். மழை பிடித்தால் நெல் வயலிலேயே முளைத்துப்போகும் என்பது அவர் பயம். மெஷின் இறங்கிவிட்டால் அறுப்புக் கூலி போய்விடும், வீட்டுக்கு நெல் வராது என்பது அறுப்பாட்களின் பயம். இரண்டும் பொய்ப் பயம் இல்லை. அறுப்பாட்கள் களத்து வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, மூங்கிலில் செங்கொடி ஏற்றி, மெஷினை உள்ளே விடமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். சமையல் சாப்பாடு எல்லாம் அங்கேயே.

இது தெரிந்தும் அங்கே ஏன் போனீர்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். காசிம் பாய் களத்தைக் கேட்டு மிராசுதாரிடம் போனார். சும்மா கிடக்கிற களம்தானே என்று அவர் சொல்லிவிட்டார். அதோடு விடவில்லை. பந்தலுக்கும் போய், போராட்டத்துக்குத் தலைமை ஏற்றிருந்த கலியபெருமாளிடம் காரைக் காட்டி அனுமதி கேட்டார். கலியபெருமாள் காரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கதிர் அறுக்குமா பாய்?"

"அறுக்காதுங்க."

"அப்ப ஓட்டிக்கங்க."

முந்தின நாள் நல்ல மழை. அன்று காலையிலிருந்து வெயில் சுள்ளென்று அடித்தது. புது என்ஜினைக் குளிரக் குளிரக் கிளப்பக்கூடாது என்பதால், துணியில் சுற்றிக் காய்ந்த சிமெண்டின்மேல் கொஞ்ச நேரம் வைத்தேன். அப்புறம் அதன் தலையில் ஒரு துளி திருநீறு வைத்தேன். காசிம் பாய் பிஸ்மில்லா சொல்லி எரிபொருளை ஊற்றினார். கயிற்றை இழுத்தேன். இரண்டு சாமியும் சேர்ந்து அருள் செய்ததாலோ என்னவோ, அதிகம் சோதிக்காமல் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். அந்த ஊருக்குப் பழக்கமில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மெஷின் வந்துவிட்டதென்று நினைத்து, கம்பும் அரிவாளுமாகத் தண்ணீரில் இறங்கி ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால், புகை விட்டுக்கொண்டு தவளை மாதிரி தத்தித் தத்திப் போகிறது ஒரு குட்டிக் கார். இடுப்பு வரைக்கும் நனைந்து நின்ற ஒரு பெரியவர் சிரித்த சிரிப்பில் பந்தலே சிரித்தது. பல நாள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தொட்டி காலியாவதற்குள் என்ஜினை நிறுத்தினேன். தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மெல்ல முணுமுணுத்து வற்றியது. நல்ல சூடு, அதிகச் சூடு இல்லை. பிஸ்டனை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். கேனை வெயிலில் வைக்கவேண்டாம், மூடியை இறுக்கி நிழலில் வையுங்கள் என்று காசிம் பாயிடம் சொன்னேன். அந்தக் களத்தில் இருந்த ஒரே நிழல் கீற்றுப் பந்தலின் ஓரம். அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்.

கலியபெருமாள் வந்து பக்கத்தில் குந்தினார். ஏன் நிறுத்திவிட்டீர்கள், கெட்டுப்போச்சா என்று கேட்டார். கெடவில்லை, புது என்ஜினைத் தொடர்ந்து ஓட்டினால் உள்ளே உரசி வீணாகிவிடும், கொஞ்சம் ஓடவிட்டுக் கொஞ்சம் ஆறவிடவேண்டும், அப்போதுதான் நீடித்து உழைக்கும் என்று சொன்னேன். அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு யோசித்தார்.

"மெஷின ஆறவுடணும்னு ஒங்களுக்குத் தெரியுது. எங்க ஆளுவ மத்தியானத்துல சித்த வரப்புல ஒக்காந்தா கூலிய புடிக்கிறாங்க. நாங்களும் நீடிச்சு ஒழைக்க வேண்டாமாண்ணே?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கப்புறம் எந்தப் புது என்ஜினை ஆறவைத்தாலும் அவர் குரல் காதில் விழும்.

கொஞ்ச நேரம் கழித்து என்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். கைக்கு இதமாக ஆறியிருந்தது. இரண்டாவது தொட்டிக்கு எரிபொருள் எடுக்கப் பந்தல் ஓரத்துக்குப் போனேன். வெள்ளை பிளாஸ்டிக் கேன், உள்ளே நீலமாகத் தெரிந்தது. மூடியைத் திறந்தேன்.

மண்ணெண்ணெய் வாசம்.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. சென்னையிலிருந்து வரவழைத்த எங்கள் எரிபொருளில் அடையாளத்துக்காக நீலச் சாயம் கலந்திருந்தார்கள். ரேஷன் மண்ணெண்ணெயும் நீலம். கேனும் ஒரே மாதிரி. பந்தலில் அடுப்பு மூட்டுகிறவர்களின் மண்ணெண்ணெய்க் கேன் என் கையில் இருக்கிறது. அப்படியென்றால் எங்கள் கேன் எங்கே?

திரும்பிப் பார்த்தேன். பந்தலுக்கு அந்தப் பக்கம், வெட்டவெளியில், கல் கூட்டிய பெரிய அடுப்பு. அதன்மேல் எல்லாருக்குமான சோற்றுப் பானை. கலியபெருமாளின் மனைவி அஞ்சலை அடுப்பின் முன்னால் குனிந்து நின்றாள். முந்தின நாள் மழையில் நனைந்த விறகு. எண்ணெய் ஊற்றித் தீக்குச்சியும் போட்டிருக்கிறாள். அடுப்பில் தீ தெரியவில்லை. "பத்தவே மாட்டேங்குது, சனியன் புடிச்ச வெறகு" என்று திட்டிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் ஊற்ற, மூடி திறந்த கேனைத் தூக்கினாள்.

தம்பிகளே, இந்த எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். அது பட்டப்பகலில் எரிந்தால் கண்ணுக்குத் தெரியாது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். கண்ணால் பார்த்திருக்கமாட்டீர்கள், பார்க்கவும் முடியாது. விறகுக்கு மேலே காற்று மட்டும் நெளிவது என் கண்ணுக்குத் தெரிந்தது, தார் ரோட்டில் கானல் நெளிகிற மாதிரி. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஊற்றினால் தீ அந்த ஒழுக்கைப் பிடித்து ஏறிக் கேனுக்குள் போகும். கேன் அவள் கையில், நெஞ்சுக்கு நேரே.

ஓடிப் பிடிக்கிற தூரம் இல்லை. கத்தத்தான் முடியும். என்னவென்று கத்துவது? தீ என்று கத்தினால் எங்கே தீ என்று அடுப்பைப் பார்ப்பாள். தீ இருக்காது. நான் உளறுகிறேன் என்று நினைத்து ஊற்றிவிடுவாள். ஊற்றாதே என்று கத்தினால், மிராசுதார் களத்திலிருந்து வருகிறவன் ஏன் தடுக்கிறான் என்று நிமிர்ந்து நின்று கேட்பாள். கேட்கிற நேரம்கூட அவளுக்கு இல்லை.

"பாம்பு! அஞ்சலை, கால்ல பாம்பு!"

நம் ஊரில் இந்த ஒரு சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. கேனோடு சேர்ந்து ஒரே தாவாகப் பின்னால் தாவினாள். நான் ஓடிய ஓட்டத்தில், அடுப்பு ஓரம் இருந்த தண்ணீர்த் தவலையைத் தூக்கி அப்படியே அடுப்பில் கவிழ்த்தேன். மண்ணெண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மெத்தனாலோ தண்ணீரோடு கலந்து அடங்கிவிடும். சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது. என் அவசரத்தில் பானையும் சரிந்தது. அரிசியும் உலைத் தண்ணீரும் மண்ணில் ஓடின.

எல்லாரும் கம்போடு வந்து பாம்பைத் தேடினார்கள். பாம்பு இல்லை. இருந்தது அணைந்த அடுப்பும், கொட்டிய அரிசியும், காலித் தவலையோடு நிற்கும் நானும்.

மிராசுதார் களத்திலிருந்து வந்த ஒருவன், பாம்பென்று பொய் சொல்லிப் போராட்டக்காரர்களின் உலையைக் கவிழ்த்துவிட்டான். பார்க்கிறவர் யாருக்கும் அப்படித்தான் தெரியும். கலியபெருமாள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். கொஞ்ச நேரம் முன்னால் என்னோடு குந்தியிருந்து பேசிய முகம் அது இல்லை.

"சோத்துல கை வச்சிட்டியே. அங்கேருந்து சொல்லி அனுப்புனாங்களா?"

காசிம் பாய் நடுவில் புகுந்தார். அவரையும் ஒருவர் தள்ளிவிட்டார். நான் கையைத் தூக்கவில்லை. அடிப்பதானால் அப்புறம் அடியுங்கள், முதலில் அந்தக் கேனிலிருந்து ஒரு மூடி எண்ணெயைச் சிமெண்டில் ஊற்றிப் பற்றவையுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன் என்றேன். கலியபெருமாள் பிடியை விடவில்லை. ஆனால் கண்ணால் சைகை செய்தார். காசிம் பாய் ஒரு மூடி ஊற்றினார். கேனை மூடிக் களத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, குச்சியை உரசிப் போட்டார்.

ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் எண்ணெய் பட்ட சிமெண்டு பளபளத்தது, அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒருவர் ஏளனமாகச் சிரித்தார்.

"வைக்கோல் போடுங்க" என்றேன்.

ஒரு பிடி வைக்கோலைப் போட்டார்கள். விழுந்த நொடியில் அது கறுத்து, சுருண்டு, எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் குபீரென்று மஞ்சளாக எரிந்தது.

அஞ்சலை தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். முன்கை ரோமம் முழுக்கப் பொசுங்கிச் சுருண்டிருந்தது. வெயில் சுடுகிறது என்று நினைத்திருக்கிறாள். அந்தக் கையைப் புருஷனிடம் நீட்டிக் காட்டினாள். கலியபெருமாளின் விரல்கள் என் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக விட்டன. பிறகு அதே கையால், கசங்கிய இடத்தைத் தடவிச் சரி செய்தார். மன்னிப்பெல்லாம் வேண்டாம் என்கிற அளவுக்கு இருந்தது அந்தத் தடவல்.

அஞ்சலைதான் முதலில் பேசினாள். "தீன்னு சொல்லியிருக்கலாம்ல? பாம்புன்னுட்டீங்களே."

"தீன்னு சொன்னா நீ தீயத் தேடியிருப்ப, தங்கச்சி."

அவள் அடுப்பைப் பார்த்தாள். "ஆமா. தேடியிருப்பேன்" என்றாள்.

காசிம் பாய் ஊருக்குள் சொல்லி அனுப்பி எல்லாருக்கும் பிரியாணி வரவழைப்பதாகச் சொன்னார். கலியபெருமாள் அது சரிப்படாது, கொட்டினது அரிசி, அரிசி குடுத்தால் போதும் என்றார். அரிசி வந்தது. அடுப்பை மூட்டும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மண்ணெண்ணெய் வேண்டாமென்று காய்ந்த தென்னம்பாளையும் மட்டையும் வைத்து ஊதி ஊதிப் பற்றவைத்தேன். கண்ணில் நீர் வழிந்தது. புகையால்தான் என்று சொல்லிக்கொண்டேன். சோறு வெந்ததும் அஞ்சலை எனக்கும் பாய்க்கும் இலை போட்டாள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அறுப்பாட்கள் தெருக்காரர்களின் பந்தியில் உட்கார்ந்ததில்லை. நான் முருகனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இல்லாத பாம்பை வைத்து ஒரு உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவன் அவன். மயிலின் காலடியில் கிடக்கும் பாம்பைத்தான் அன்றைக்குக் கொஞ்ச நேரம் இரவல் கொடுத்திருப்பான். அவன் பக்கத்தில் இருக்கும்போது எந்த இலை எனக்கு ஆகாத இலை? அப்படிப் பசித்து, அப்படி ருசித்துச் சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் காசிம் பாய் காரைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். இனி இந்த ஊர்ப் பக்கமே கொண்டுவரமாட்டேன் என்றார். கலியபெருமாள் தடுத்தார்.

"பாதியில வுட்டா வீணாப்போவும்னு சொன்னாருல்ல? ஓட்டி முடிச்சிட்டுப் போங்க. நாங்க பாத்துக்குறோம்."

கேனை மறுகோடியிலிருந்து எடுத்து வந்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அஞ்சலை வந்து என் கையிலிருந்து அதை வாங்கினாள். கீழே வைத்து, அதையும் பக்கத்திலிருந்த மண்ணெண்ணெய்க் கேனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், பந்தல் மூங்கிலில் கட்டியிருந்த செங்கொடியின் ஓரத்தைப் பல்லில் கடித்து, சர்ரென்று ஒரு துண்டு கிழித்தாள்.

கலியபெருமாள் பதறிவிட்டார். "ஏய், அது கொடி."

"தெரியுது. இத எதுக்குக் கட்டி வச்சிருக்கோம்? நம்ம ஆளுவ உசுரு பொழைக்கத்தானே?"

சொல்லிவிட்டு எங்கள் கேனின் கழுத்தில் சுற்றிக் கட்டினாள். அவர் கிழிந்த கொடியைப் பார்த்தார். பிறகு அவள் பக்கத்தில் குந்தி, முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"இது அவுந்துடும். ரெட்ட முடிச்சாப் போடு" என்றார்.

பிற்பாடு தாசில்தார் வந்தார். பேச்சு நடந்தது. மேட்டு வயலுக்கு மெஷின், சேற்று வயலுக்கு ஆட்கள் என்று ஒரு மாதிரி முடிந்தது. இரு தரப்புக்கும் அரை மனசுதான். ஓரம் கிழிந்த அந்தக் கொடி அதுவரைக்கும் அப்படியே பறந்தது. காசிம் பாயின் என்ஜினும் நன்றாகப் பழகிப் பல வருஷம் ஓடியது. என்னைக் கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் அஞ்சலை, "என்ன பாம்புக்காரரே, சௌக்கியமா?" என்றுதான் கேட்பாள். பொசுங்கிய கையில் ரோமம் மறுபடி முளைத்துவிட்டது.

அன்றிலிருந்து நானும் பாயும் சிவப்புத் துணி இல்லாத கேனை வைத்துக்கொண்டதில்லை. எங்களிடம் வேலை பழகியவர்களும் காரணம் கேட்காமலே கட்டினார்கள். அப்படித்தான் உங்கள் சுவரோரம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இப்போது உங்கள் எரிபொருள் நீலத்தில் வருவதில்லை, ரேஷனில் மண்ணெண்ணெயும் அநேகமாகக் கிடைப்பதில்லை. அதனால் துணி எதற்கு என்று ஒருநாள் உங்களில் யாருக்காவது தோன்றும். அப்போது ஒரு மூடி ஊற்றி, நடுப்பகலில் பற்றவைத்து, தள்ளி நின்று, ஒரு வைக்கோலைப் போட்டுப் பாருங்கள்.

போன வாரம் நான் பார்த்ததில் மூன்றாவது கேனின் துணி வெளுத்துப் போயிருந்தது. மாற்றிவிடுங்கள். முடிச்சு இரட்டையாக இருக்கட்டும்.